மூன்று கோப்பைகள்

சலவைக்கடையில்தான் எல்லோரும் கூடுவோம்.
டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில்
ஜூலை மாதம் துணி வேறெங்கும் காயாது.

இன்று பத்தொன்பதாம் நாள்.
ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போகிறது,
மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.
தேடுகிறவர்களின் கால்சட்டைகளை நான்தான் துவைக்கிறேன்.
வடிகட்டியில் அட்டைகள் சுருண்டு செத்திருக்கும்,
புல்விதை, கரிய சேறு.
ஒருமுறை யாரோ மடித்துவைத்த வரைபடம்
கூழாகி வந்தது.
எந்த ஓடை அது என்று
அரைமணி நேரம் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மலைக்குடிலில் இரண்டு பெண்கள்.
செய்தவன் பெயர் தெரியும், முகம் தெரியும்.
தகரச் சுரங்கத்தில் இரண்டு பருவம் இருந்தவன்,
இதோ இந்த ஆறாம் நம்பர் மெஷினில்
போர்வை துவைத்தவன்.
மற்றது எதுவும் தெரியாது.

டாங்க் நிறைய டீசல் இருக்க
வண்டியை ஏன் விட்டுப் போனான்?
அவனோ குள்ளம்;
ஓட்டுநர் இருக்கையை அவ்வளவு பின்னால் தள்ளியது யார்?
ஆற்றங்கரையில் இடதுகால் பூட்ஸ் மட்டும்,
மூன்று நாள் மழைக்குப் பிறகும்
உள்ளே உலர்ந்து.
குடில் மேசையில் மூன்று கோப்பைகள்.
கொல்ல வந்தவன்
உட்கார்ந்து தேநீர் குடித்தானா?

"ஆறு கொண்டுபோயிருக்கும்" என்பார் டாட்னெல்,
மரமறுக்கும் ஆலையில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தவர்.
மிச்ச எட்டையும் விரித்து
வெள்ளத்தின் வேகத்தைக் கணக்குப் போடுவார்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் மெரின் ஒத்துக்கொள்வதில்லை.
சோப்புத்தூளை மெஷின் மூடியில் கொட்டி
விரலால் மலைமுகடு இழுப்பாள்,
கணவாய், கைவிட்ட டிராம் பாதை.
"இங்கே ஒருவன் காத்திருந்தான்" என்று
நகத்தால் ஒரு குழி.

அந்த ஒருவனுக்கு
நெட்டைக்கால் கொடுத்தோம்.
ஒரு படகு கொடுத்தோம்.
வியாழக்கிழமைக்குள் பழைய பகை ஒன்றும்
தேடிக் கொடுத்துவிட்டோம்.
மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப்போட
டிரையர் ஒரு தடவை ஓடி நிற்கும் நேரம்
எங்களுக்குப் போதும்.

நானும்தான்.
ரசீதுகளின் முதுகில் எழுதிவைக்கிறேன்:
பேட்டரிகளை எடுத்தவன் ரொட்டியை ஏன் எடுக்கவில்லை?
இரவு மூன்று மணிக்கு எழுந்து
இன்னொன்று.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
அவன் பிடிபடும் நாளை நினைத்தால்
எதையோ யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவதுபோல் இருக்கிறது.

இன்று மத்தியானம்
நனைந்த கோட்டோடு ஒருவர் வந்தார்.
சில்லறை கேட்டார்.
பென்கெல்லி என்று கோட்டுப் பையில் தைத்திருந்தது.
இறந்த பெண்களில் மூத்தவளின் பெயர்.
மெரின் முழங்கையால்
மலைத்தொடரை ஒரே இழுப்பில் துடைத்தாள்.

விடுதி அறையில் அவள் விட்டுப்போன துணிகள்.
ஆறாம் நம்பர்தான் காலியாக இருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நாணயம் போட்டவர் பொத்தானை அழுத்தாமல் நின்றார்.
பிறகு யாரையும் பார்க்காமல்,
"ஜாசிந்தாவுக்குத் தேநீர் பிடிக்காது.
யாராவது போட்டுக் கொடுத்தால்
வேண்டாமென்று சொல்லவும் தெரியாது.
ஆறும்வரை
கை சூட்டுக்காகப் பிடித்துக்கொண்டிருப்பாள்.
அங்கே... மூன்றில் ஒன்று
நிறைய இருந்ததா?
உங்களில் யாருக்காவது தெரியுமா?"

டாட்னெல் தன் விரல்களைப் பையில் வைத்துக்கொண்டார்.
எங்களுக்கு
டயரின் தேய்மானம் தெரியும்,
ஆற்றின் ஆழம் அடிக்கணக்கில் தெரியும்.
இது தெரியவில்லை.

அவர் டிரையர் முடியும்வரை காத்திருக்கவில்லை.
பாதி ஈரமாகவே எடுத்து,
சூடாக இருந்த ஒரு கம்பளிச் சட்டையை மட்டும்
கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டு
மழையில் இறங்கினார்.

வெகுநேரம் யாரும் பேசவில்லை.
அப்புறம் மெரின்
தூள் டப்பாவைச் சாய்த்தாள்.
இந்த முறை மலை இல்லை.
மூன்று வட்டங்கள்.
ஒன்றை மட்டும்
விரல்நுனியால் நிரப்பத் தொடங்கினாள்.

நான் கிட்டே போய்
குனிந்து பார்த்தேன்.