மைனஸ் இருபத்தாறு

காலை ஏழரைக்கு இயந்திரம் சொன்னது:
பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்று.
அடுத்த குழாய் ஆறு புள்ளி நான்கு.
பன்னிரண்டு பேர், ஒரே மலைக்கிராமம்.
பன்னிரண்டு பேருக்குமா
ஒரே இரவில் இதயம் தடுமாறும்?

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றாள் ஜீபெக்.
கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டினோம்.
கோடு பிசகாமல் நடுவில் நின்றது.
அப்படியானால் பொய்
நரீன் வந்து சேருமுன்பே குழாய்க்குள் ஏறியிருக்கிறது.

ஓட்டுநர் தொக்தோசுனை அழைத்தேன்.
"வேன்ல ஹீட்டர் ஓடுதா?"
கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல் மட்டும்.
"செவ்வாய்க்கிழமையே போயிடுச்சு, புருல்சா அக்கா.
எழுதிக் கொடுத்தேனே."

கொடுத்திருந்தான்.
என் மேசையில்தான் இருக்கிறது,
தரச்சான்றிதழ்க் கோப்புக்கு அடியில்.

குளிரில் செல்கள் பிடி தளர்கின்றன.
உள்ளே இருக்கவேண்டிய உப்பு வெளியே கசிகிறது.
நானே பாடம் எடுத்திருக்கிறேன்,
கதகதப்பான அறையில், படம் போட்டு.

எல்லா முடிவுகளையும் நிறுத்திவைத்தேன்.
மருத்துவர் கத்தினார். கத்தட்டும்.
தவறான எண் போவதைவிட
எண்ணே போகாதது மேல் என்பது விதி.
புது ரத்தம் எடுக்கச் சொல்லி
மலைக்குத் தகவல் போனது.

மாலை மூன்றரைக்கு வந்தான் தொக்தோசுன்.
மேலங்கிக்குள், நெஞ்சோடு நெஞ்சாக,
கம்பளியில் சுற்றிய குழாய்கள்.
கோழிக்குஞ்சுகளை இறக்கிவிடுகிறவன் போல
ஒவ்வொன்றாக எடுத்துவைத்தான்.

நான்கு புள்ளி இரண்டு.
நான்கு.
மூன்று புள்ளி ஒன்பது.
ஜீபெக் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.
ஒன்பதாவது: ஆறு புள்ளி எட்டு.

மறுபடி ஓட்டினோம். ஆறு புள்ளி எட்டு.
அசன்குல், வயது அறுபத்து மூன்று.
காலைப் பட்டியலிலும் அவருடையதுதான் உச்சம்,
ஏழரையைத் தாண்டி.
இருக்கிற பொய்களில் பெரிய பொய் என்று
நகர்ந்திருந்தேன்.

போனை மகள் எடுத்தாள்.
"அப்பா குதிரைகளுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கார்.
ஏன், என்ன?"
நான் சொல்லி முடிப்பதற்குள்
தொக்தோசுன் சாவியோடு வெளியேறியிருந்தான்,
ஹீட்டர் இல்லாத அதே வேனில்.

இரவு ஒன்பதரைக்குத்தான் திரும்பினார்கள்.
அவரை வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.
இன்னும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பிழைப் படிவத்தை நிரப்புகிறேன்.
தாமதம்: எட்டு மணி நேரம்.
திருத்த நடவடிக்கை: ஹீட்டர்.
காரணம்: குளிர்.
அதை அடித்துவிட்டு
என் பெயரை எழுதுகிறேன்.
கட்டம் சின்னது, தகப்பன் பெயர் கோட்டுக்கு வெளியே போகிறது.

ஜன்னலுக்குக் கீழே
வேனின் பானெட்டைத் திறந்துவைத்து
யாரோ டார்ச் பிடிக்கிறார்கள்.