மூன்று கட்டை

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
விடியாத ஐந்து மணிக்குப்
பதினொரு சைக்கிள்கள்.
பன்னிரண்டாவது வரவில்லை.
அவருக்கு ராத்திரி தின்ற டுரியான்
ஒத்துக்கொள்ளவில்லையாம்.

நான் மிதிக்கவில்லை.
எனக்கு முட்டி சரியில்லை, கையெழுத்து சரி.
தோட்டத்து ஆபீசில் கிராணியாக
பால் எடையும் செம்பனைக் குலையும் எழுதிய
அதே மாதிரி நீள நோட்டு.
இப்போது அதில் பெயர், கட்டை, வெள்ளி.

கட்டைக்கு இருபது காசு, தபால்கார ஃபௌசி.
கட்டைக்கு ஐம்பது, நாசி லெமாக் விற்கும் பூவழகி
(அவளும் மிதிக்கிறாள்,
தன் காலுக்குத் தானே நன்கொடை).
கட்டைக்கு ஒரு வெள்ளி, இரும்புக்கடை ஆ சேங்.
"மிதித்த கட்டைக்கு மட்டும்" என்று
இரண்டு தரம் சொன்னார்.
ஒரு தரம் எழுதவும் சொன்னார்.

செலாயாங்கில் கோழிக்கடைக்கு மேலே
இரண்டு அறை, நாற்பத்தாறு பிள்ளைகள்.
அரசாங்கப் பள்ளியில் கொடுக்க
அவர்களிடம் பிறப்புப் பத்திரம் இல்லை,
பிறந்தது மட்டும் உண்டு.
மூன்று மாத வாடகை பாக்கி.
எண்பத்தெட்டு கட்டை தூரத்தில் இருக்கிறது
அந்தப் பாக்கி.

குலை ஏற்றும் லோரியைக் கழுவி
பின்னால் மெதுவாக ஓட்டி வந்தார் திருமால்.
உள்ளே ஐஸ் பெட்டி, டியூப்புகள், ஒரு தார் வாழைப்பழம்,
நான், நோட்டு,
அந்தப் பள்ளியில் பாடம் சொல்லும் ரஷிதா.
நன்றி சொல்ல முந்தின நாள் பஸ் ஏறி வந்தவளை
ஆரஞ்சு நறுக்க உட்கார்த்திவிட்டோம்.
கோலப் பிலாவில் போலீஸ் மறித்தபோது
கத்தியைக் கீழே வைத்துவிட்டு
கைப்பேசி உறைக்குள் இருக்கும் ஐ.நா. அட்டையை
ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
போலீஸ்காரர் கேட்டது
எத்தனை சைக்கிள் என்றுதான்.

புக்கிட் பூத்தூஸ் ஏற்றத்தில் மழை பிடித்தது.
கலைவாணனின் சங்கிலி அறுந்தது.
அவன் இறங்கினான். அவனுக்காக ஒருவர் இறங்கினார்.
அப்புறம் யாருக்காக என்று தெரியாமல்
எல்லாரும் இறங்கினார்கள்.
வளைவுக்கு வளைவு தள்ளிக்கொண்டே.
தடுப்புக் கம்பியில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து
பார்த்தன, சந்தா கட்டியவை போல.

லோரியின் முள்ளைப் பார்த்தேன். மூன்று கட்டை.
நோட்டைத் திறந்து பேனாவை மூடினேன்.
தள்ளினது மிதித்ததில் சேருமா?

ரஷிதா குதித்து இறங்கி
பூவழகியின் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்தாள்.
செருப்பைக் கழற்றி லோரியிலேயே விட்டிருந்தாள்.
"நல்ல ரோடு" என்றாள், மலாயில்.
"தார் போட்டிருக்கிறார்கள்."
வேறொன்றும் சொல்லவில்லை.
மழையும் யாரையும் பேசவிடவில்லை.

செலாயாங் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.
மாடிப்படி முழுக்கப் பிள்ளைகள்.
ஒரு பையன் எல்லா சைக்கிள் மணியையும் அடித்தான்.
இரண்டுக்கு மணி இல்லை.
அவற்றுக்கு வாயால் அடித்தான்.

திங்கள்கிழமை ஆ சேங் கேட்டார், நான் சொன்னேன்.
கிராணிக்குப் பொய்க்கணக்கு வராது.
எண்பத்தைந்து வெள்ளியை எச்சில் தொட்டு எண்ணி வைத்தார்.
அவர் பேச்சுக்கு அவர் நியாயம்.
சங்கிலிக்குத் தனியாக பில் போட்டார்.

மீதி மூன்றை என் பர்ஸிலிருந்து எடுத்தேன்.
பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதப் போய்
நிறுத்தி,
'தார் ரோடு' என்று எழுதினேன்.
கட்டை மூன்று. வெள்ளி மூன்று.

கூட்டிப் பார்த்தேன்.
இரண்டு மாத வாடகை, கொஞ்சம் சில்லறை.
டுரியான்காரர் அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறாராம்.
மூன்றாவது மாதம்
இன்னும் அங்கேயேதான் நிற்கிறது,
எண்பத்தெட்டு கட்டை தள்ளி.