ஓர் இறக்கம் குறைகிறது

மூன்று அட்டைப்பெட்டிகள்தாம் முதலில் வந்தன.
விமானம் பிறகு வந்தது,
வியாழக்கிழமை மழையில்,
சிலேத்தார் ஓடுபாதையின் ஓரமாக
நனைந்த கோழி போல் ஒதுங்கிக்கொண்டு.

முப்பத்தாறு இருக்கை. இரண்டு விசிறி.
வாலில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் அலை.
அலைக்குக் கீழே
எனக்குப் படிக்க வராத மூன்று எழுத்து.
"மினாமி நோ காஸே," என்றார் கூட வந்த உராதா.
தெற்குக் காற்றாம்.
எங்கள் மொழியில் தென்றல் என்போம் என்றேன்,
அது இதமானது என்றும் சொன்னேன்.
அவர் யோசித்தார்.
"அப்படியானால் எங்களுடையது வேறு காற்று."

வண்ணம் சுரண்டுவது ஸுல்ஃபிகரும் பெங் சூனும்.
எனக்குக் காகிதம்.
இருபத்தொன்பது வருஷம் பறந்ததை
வாங்குகிறவர் நம்பும்படி கூட்டிக் கொடுக்க வேண்டும்.

இருபத்தையாயிரம் மணி நேரம்.
அறுபத்தோராயிரம் தரையிறக்கம்.
ஏறியதும் இறங்கியிருக்கிறது,
காப்பி ஊற்றினால் ஆறுவதற்குள்.
யீஷூனில் நான் 117ஐப் பிடித்து
இங்கு வந்து சேர்வதற்குள்
இது இரண்டு தீவு போயிருக்கும்.
நமக்கு அந்த வழக்கமே இல்லை.
நம் ஊரில் விமானம் ஏறினாலே வெளிநாடு.

ஓரங்களில் பென்சில் குறிப்புகள்.
உராதா விரல் வைத்துப் படித்துச் சொன்னார்:
நான்காம் வரிசை, ஜன்னலோரம், தரையில் மணல். துடைத்தோம்.
அதே இடம், மறுநாள், மணல்.
சரக்கறையில் ஆட்டுக்குட்டி. விரிப்பு மாற்றப்பட்டது.
புயல், நான்கு நாள் சும்மா.
ஐந்தாம் நாள் பதினோரு முறை:
பால்மாவு, செய்தித்தாள், ஒரு பல் மருத்துவர்.
பதினோரு முறையும் பல் மருத்துவரா என்று கேட்டேன்.
இல்லையாம்.

தீவு ஊராட்சிகள் காசு போட்டுத் தொடங்கிய நிறுவனம்.
மொத்தம் நான்கே விமானம்.
முதலாவது, பத்தொன்பது இருக்கை,
இப்போது மாலத்தீவில்
காலில் மிதவை மாட்டிக்கொண்டு
தேனிலவுக்காரர்களைச் சுமக்கிறது.
இரண்டாவதைப் பிரித்து இதற்குச் சாமான் எடுத்தார்கள்;
இடப்பக்கச் சக்கரம் அதனுடையது.
மூன்றாவது ஓர் ஆரம்பப்பள்ளி வாசலில் நிற்கிறது.
இறக்கையில் சைக்கிள் சாத்துகிறார்கள்.
பயணிகள் குறைந்துவிட்டார்களா என்றேன்.
"குறையவில்லை. வயதாகிவிட்டது."
பிறகு பெரிய நிறுவனம் ஒன்று
வழித்தடங்களை எடுத்துக்கொண்டு
விமானத்தை வேண்டாம் என்றது.

வெள்ளி மதியம் கூட்டி முடித்தேன்.
மேலேறியது 61,408.
இறங்கியது 61,407.
மறுபடி கூட்டினேன். கணினியிலும் போட்டேன்.
ஓர் இறக்கம் குறைகிறது என்றேன்.
அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி
கடைசித் தாளைப் பார்த்தார்.
இங்கே, நேற்று, மழையில் இறங்கியதுதான்.
ஓட்டி வந்தவர் கையெழுத்துப் போடாமல்
சாங்கிக்கு டாக்சி பிடித்துவிட்டார்.

ஆக, காகிதத்தில்
அது இன்னும் மேலேதான்.

வெளியே ஸுல்ஃபிகர் எந்திரத்தை ஓட்டுகிறான்.
ஆரஞ்சுக்கு அடியில் நீலம்,
நீலத்துக்கு அடியில்
யாருக்கும் நினைவில்லாத ஒரு பச்சை.

"திங்கள் வரை இப்படியே இருக்கட்டுமா?"
முடியாது. விதி அப்படி.
பேனாவை மேசையில் வைத்துவிட்டு
நான் சாப்பிடப் போனேன்.
பசியில்லை.
மீ கோரெங்கை முழுதாகச் சாப்பிட்டேன்,
வழக்கமாக வாங்காத தேநீரும் வாங்கி
மெதுவாகக் குடித்தேன்.
என்னால் தர முடிந்தது நாற்பது நிமிஷம்,
அவர்கள் கணக்கில்
போய்த் திரும்பி வரும் தூரம்.

திரும்பியபோது எண் எழுதியாகிவிட்டது.
அச்சு மாதிரி எழுத்து. அடித்தல் இல்லை.
அவர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.
மை காயவில்லை, கவனம் என்றார்.

மாலை 117இல்
என் சட்டைக் கழுத்தில் ஆரஞ்சுத் தூள்.
எதிர் இருக்கைப் பையன் அதையே பார்த்தான்.
தட்டிவிடலாமா என்று யோசித்து
பொத்தானை அழுத்த மறந்து
ஒரு நிறுத்தம் தாண்டி
இறங்கினேன்.