குறியீடு ஒன்பது

உக்கடத்தில் எட்டு மணிக்கு ஏறினால்
வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் ஒன்பதுக்கு இறக்கிவிடுவார்கள்.
பத்தொன்பது வருடம் அதே பேருந்து.
ஒரு தோளில் எடைத் தராசு, மறுதோளில் படிவக் கட்டு.
கள்ளு வண்டிகள் அதற்குள் போயிருக்கும்.
கணவாய்க் காற்று மட்டும்
வேலைக்குப் போகாமல் தெருவில் நிற்கும்.

சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் ஒன்று.
ஒரே பேச்சு, ஒரே மாரியம்மன்,
இரண்டு மாநில முத்திரையில் தடுப்பூசி அட்டைகள்.
எந்தப் பக்கத்துக் குழந்தை
எத்தனை கிராம் குறைவாய்ப் பிறக்கிறது?
என் முனைவர் பட்டம் அதுதான்.

"சராசரி என்பது
ஊருக்குள் யாருமே குடியிருக்காத வீடு."
வகுப்பில் இதைச் சொல்லி ஒரு நொடி நிறுத்துவேன்.
பரீட்சைக்கு வருமென்று எழுதிக்கொள்வார்கள்.

படிவத்தின் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு.
ஒத்துழைத்தார், ஒன்று. மறுத்தார், இரண்டு.
பூட்டியிருந்தது, ஒன்பது.
மூன்று முறை போய்ப் பார்த்தபின் ஒன்பது போடலாம்;
நெறிமுறை அனுமதிக்கிறது.
பிறகு ஒன்பதுகளை நீக்கிவிட்டு மிச்சத்தை வகுப்போம்.
புள்ளியியல் குரியன் சாருக்கு அது ஒரு விசைத் தட்டல்.

'இடைவெளி குறைந்து வருகிறது' என்று ஒரு கட்டுரை.
பச்சைக் கோடும் நீலக் கோடும்
தோளில் கைபோடப் போகிற மாதிரி ஒரு வரைபடம்.
இணைப் பேராசிரியர் ஆனது அதில்தான்.

களப்பணிக்கு வந்த ஷெமீரா
டீக்கடைச் சீட்டின் பின்பக்கம்
புள்ளி புள்ளியாய் வைத்துக் காட்டினாள்.
"டீச்சர், ஒன்பது போட்ட வீடெல்லாம் ஒரே வரிசையில இருக்கே."
வாய்க்காலுக்குக் கிழக்கே, குழாய் எட்டாத இடத்தில்
பதினேழு.

போய்ப் பார்த்தேன்.
ஒரு வீட்டிலும் பூட்டு இல்லை.
கயிறு போட்டுக் கட்டிய தகரக் கதவுகள்.

அன்றிரவு ஊர் திரும்பவில்லை. அங்கன்வாடியில் படுத்தோம்.
நாலே கால் மணிக்கு
மாந்தோப்புக்கு ஆளேற்ற டெம்போ வந்தது.
அதன் முகப்பு விளக்கில் தராசை வைத்தேன்.
தரை சமமில்லை; முள் ஆடியது.
ஒரு செங்கல் சில்லை அடியில் செருகிவிட்டு
வேலாத்தாள் ஏறி நின்றாள்.
முப்பத்தாறு புள்ளி நான்கு. ஏழாம் மாதம்.

"எப்ப வீட்ல இருப்பீங்க?"
"இருட்டுக்கு இருப்பேன்."
"பகல்ல எங்காளுங்க வந்தாங்களே..."
"வந்து கதவத்தான பாத்தாங்க."

விரல் நுனியில் குத்தினேன்.
துளி, நிறம் சேராமல் வழிந்தது. எட்டு புள்ளி ஒன்று.
"பாஸாங்க?" என்றாள்.
ஓட்டுநர் ஹாரனை அழுத்தினான்.
விரலைச் சப்பிக்கொண்டே ஏறிப் போய்விட்டாள்.

பதினேழு வீட்டையும் திரும்பச் சேர்த்தபோது
கோடுகள் விலகின.
குரியன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
"மாதிரி சின்னதாச்சே" என்றார்.
இதழுக்கு எழுதினேன். ஏழு மாதம் கழித்து
பிழைதிருத்தம் வந்தது, கடைசிப் பக்கத்தில், நான்கு வரி.
பதவியை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

இப்போதும் முதல் வகுப்பில்
அந்தப் பழைய வரைபடத்தைத்தான் போடுகிறேன்.
இது எத்தனை மணிக்கு வரைந்தது என்று கேட்கிறேன்.
எந்த வருடம் என்று கேட்பதாய் நினைத்து
யாராவது ஒரு வருடத்தைச் சொல்வார்கள்.

சித்திரையில் ஷெமீரா செய்தி அனுப்பினாள்.
வேலாத்தாளுக்குக் குழந்தை, பெண்,
ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அதே டெம்போவில்.
எடை போட்டிருக்கவில்லை.
தராசு கோயமுத்தூரில் இருந்தது,
துறை பீரோவுக்குள்,
சாவி என் பையில்.