கிச்சினர், முன்னர் பெர்லின்

மூன்று வருடமாய் டிசெம்பருக்கு நாள் குறித்தோம்.
நூரன்பேர்க், பிறகு மூனிச்,
பிறகு "எங்கையாவது ஜேர்மனிக்குள்ளை."
வத்சலா காது மூடும் தொப்பிகூட வாங்கிவிட்டாள்.
றொசில்டா லீவுக்கு எழுதிக் கொடுத்தாள்.
கடைசிக் கிழமையில் ஒவ்வொரு முறையும்
கிருபாவுக்கு ஏதாவது வந்துவிடும்:
முதுகு, முதலாளி, கார் இன்சூரன்ஸ்.

இந்த முறை அவனைக் கேட்கவில்லை.
சனிக்கிழமை காலை மார்க்கம் வீதியில் ஏற்றி
நானூற்றியொன்றில் மேற்கே விட்டேன்.
"எங்கை போறம்?"
"பெர்லினுக்கு" என்றாள் றொசில்டா.

பொய்யில்லை.
கிச்சினருக்கு முன்னர் அதுதான் பெயர்.
முதலாம் உலக யுத்தம் வந்தது, ஊர் பயந்தது,
வாக்குப் போட்டுப் பெயரை மாற்றிக்கொண்டது.
வத்சலா போனைப் பார்த்து வாசிக்க
நாங்கள் சிரித்தோம்.
கிருபா கண்ணாடியில் காய்ந்திருந்த வீதி உப்பைப் பார்த்தபடி,
"பேர் மாத்துறது லேசு" என்றான்.
"பழைய பேரிலை ஆரும் கூப்பிட்டால்
திரும்பாமல் நடக்கிறதுதான் பாடு."

நகரசபை முற்றத்தில் மரப்பெட்டிக் கடைகள்.
பித்தளைக் குழல்களுக்குள் மூச்சு உறைந்துவிடாதபடி
கிழவர்கள் விடாமல் ஊதினார்கள்.
றொசில்டா சோசேஜோடு வந்த புளித்த கோவாவை
நாக்கில் வைத்து, கண்ணை மூடி,
நாலு செத்தல் மிளகாய் போட்டால் ஆள் தேறிவிடும் என்று தீர்ப்புச் சொன்னாள்.
உருளைக்கிழங்கு ரொட்டிக்கு அப்பிள் களி!
ஆர் கண்டுபிடிச்சது இந்தக் கோதாரியை என்றபடி
வத்சலா மூன்று தின்றாள்.
சூடான வைனில் எனக்கு மணம் மட்டும்,
கார் ஓட்ட வேண்டும்.
கறுவாவும் கராம்பும்.
எங்களுக்கு முன்னமே வந்திருக்கின்றன,
விசாவும் இல்லாமல்.

பிறகு பார்த்தால் கிருபாவைக் காணவில்லை.

செப்புச் சட்டியில் சீனி பிடித்துப் புரளும்
பாதாம் பருப்புக் கடை முன்னால் நின்றான்.
கையுறையைக் கழற்றிவிட்டு
அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னான்.
ஜேர்மன்.
பன்னிரண்டு வருடச் சிநேகிதத்தில்
அவன் வாயில் கேட்டிராத பாஷை.
அவள் மன்னிப்புக் கேட்டாள்:
மணிலாவிலிருந்து வந்து எட்டு மாதமாம்,
வார இறுதி வேலையாம்.

"எண்பத்தாறிலை" என்றான் எங்களிடம்,
மணி கேட்டதற்குச் சொல்வதுபோல.
"பதினாலு மாதம். பழைய பட்டாளக் கட்டடம்.
ஏழு பேருக்கு ஒரு அறை.
காசு தாறேல்லை, கூப்பன்தான்.
கூப்பனுக்கு அரிசி, பால்மா, சவர்க்காரம்.
மதிலுக்கு அங்காலை சந்தை போட்டிருந்தவங்கள்.
இந்த மணம் மட்டும்
மதில் ஏறி வரும், இரவு பத்து மணிவரைக்கும்."

என்ன கேட்டாய் அவளிடம் என்றேன்.
"எனக்குத் தெரிஞ்சது நாலு வசனம்.
இலக்கம் எடுங்கோ.
இருந்து காத்திருங்கோ.
இதிலை கையெழுத்து.
அடுத்த கிழமை வாங்கோ.
இதிலை எதை வைச்சுப் பாதாம் கேக்கிறது?
காத்திருங்கோ எண்டுதான் சொல்லிப்போட்டன்."

றொசில்டாவுக்குக் கோபம்.
"ஏன்ரா முந்தியே சொல்லேல்லை?"
"நீங்கள் நூரன்பேர்க் படங்கள் அனுப்பினியள்.
வடிவாய்த்தானே இருந்தது."

ஐந்து பொட்டலம் வாங்கினான்.
நாங்கள் நாலு பேர்.
ஐந்தாவது ஆருக்கு என்று
ஒருவரும் கேட்கவில்லை.
காரின் முன்தட்டில், ஹீற்றர் வாய்க்கு மேலே
அதை நிமிர்த்தி வைத்தான்.
கேம்பிரிட்ஜ் தாண்டப் பனி கொட்டத் தொடங்கியது.
லொறிகளின் பின்விளக்குகளைப் பிடித்துக்கொண்டு
அறுபதில் ஊர்ந்தேன்.
உள்ளே சீனி இளகி
கார் முழுக்க அந்த மணம்.

மில்ற்றன் கிட்ட
பின்சீற்றிலிருந்து ஒரு கை நீண்டது.
வத்சலா. கேட்கவுமில்லை, யோசிக்கவுமில்லை,
காகிதத்தைக் கிழித்து
அரைவாசியை முடித்துவிட்டாள்.
கிருபா திரும்பிப் பார்த்தான்.
"எனக்கும் ரெண்டு தா" என்று
கையை ஏந்தினான்.