ஜாக்கும் ஒன்பதும்

கொட்பே ஐஸ் கொம்பனியில் இரவு முறை எனக்கு.
கொம்பிரசர் உறுமும். போனில் ஆறு பேர் மேசை,
இரண்டு சதப் பந்தயம்.
டொலர்ச் சதம்தான், என்றாலும் சதம்தானே.

மூன்று மாதத்தில் போனது
ஒரு மோட்டார் சைக்கிள் டயர்க் காசு.
அது பெரிசில்லை.
எப்படிப் போனதென்று ஒரு கிழமை
ஐஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

ஜாக்கும் ஒன்பதும் வந்தபோதெல்லாம்
உள்ளே போயிருக்கிறேன்.

முந்நூற்றி நாலு விளையாடிய கை இது.
உப்புவெளியில், சுனாமிக்குப் பிறகு அடித்த கூடாரத்தில்,
லைட் இல்லாத இரவுகளில் பழகியது.
அங்கே ஜாக்குக்கு மேலே ஆளில்லை,
ராசாவும் ராணியும் அவன் காலடியில்.
இங்கே அவன் நாலாவது ஆள்.
எனக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.

ஆகவே ஒரு சட்டம்:
அழுத்துமுன் எழும்ப வேண்டும்.
குளிரறை மானியைப் பார்த்து
இலக்கத்தைச் சத்தமாய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும்,
பதினைந்து வினாடிக்குள்.
"மைனஸ் ஒன்பது!"
கிருபைராஜன் நினைக்கிறான்
எனக்கு வேலையில் அவ்வளவு பக்தியென்று.

நேற்று மடக்கினேன்.
மேசையில் விழுந்தது
ஜாக், ஜாக், ஒன்பது.
கடல்நாய் என்று பெயர் வைத்த எவனோ
ஒரு சோடி ஏழோடு அள்ளிக்கொண்டு போனான்.

தொண்டையில் ஐஸ் துண்டு.
என்றாலும் பில்லில் ஒரு சரி போட்டேன்,
கடதாசி கிழியுமளவுக்கு.

நாலரைக்கு முதல் வள்ளம்.
இமாமுதீன் மூன்று கட்டி கேட்டார்.
நாலு ஏற்றிவிட்டேன்,
எண்ணாமல்.