செவ்வாய்க்கிழமை அட்டை

அட்டைக்கு இரண்டு முகம்.
சனிக்கிழமை ‘திறந்த கூட்டம்’ என்று தொங்கும்.
செவ்வாயன்று அதையே திருப்பி
அதே ஆணியில் மாட்டுவேன்:
‘மூடிய கூட்டம்’.
எழுத்து ஆம்புரோஸினுடையது.
கை நடுங்கிய நாட்களில் எழுதியது.
நேராக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

கார்னர் புரூக்கில் அன்று
மதியத்திலிருந்தே பனி.
காகித ஆலையின் புகை எழும்ப முடியாமல்
கூரைகளின் மேல் படுத்துக் கிடந்தது.
தேவாலயத்து நிலவறைப் படிகளில்
உப்புத் தூவிக்கொண்டிருந்தேன்.
அவள் இறங்கி வந்தாள், கக்கத்தில் ஒரு ஃபைல்.
செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு,
பெயர் டாம்சின்.
ஒரு கூட்டத்தைப் பார்த்து எழுத வேண்டும்,
இரண்டு பக்கம்.

‘இன்றைக்கு மூடியதம்மா.
சனிக்கிழமை வா. யாரும் வரலாம்,
மனைவி, மேலதிகாரி, மாணவர்,
மழைக்கு ஒதுங்குகிறவர்கூட.
கேக்கும் இருக்கும்.’

கேக் என்றதற்குச் சிரித்தாள். போகவில்லை.
பூட்ஸிலிருந்து பனி உருகி
படியில் ஒரு சின்னக் குளம் கட்டியது.
‘இன்றைக்கு யார் வரலாம்?’
‘குடியை நிறுத்த விரும்புகிறவர்கள்.’
‘அதை எப்படிச் சரிபார்ப்பீர்கள்?’
‘சரிபார்ப்பதில்லை.’

உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம்.
வினிஃப்ரெட் யாரையோ கேலி செய்ய
பதினொரு பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.
சனிக்கிழமைகளில் அந்தச் சிரிப்பு வராது.
சனிக்கிழமை நாங்கள் கொஞ்சம்
தலைவாரிக்கொண்டு பேசுகிறோம்.

என் முதல் கூட்டம் சனிக்கிழமைதான்.
தம்பிக்காக விசாரிக்க வந்தேன் என்று
கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னேன்.
எனக்குத் தம்பி கிடையாது.
நான்கு மாதம் அவனை வாராவாரம் கூட்டி வந்தேன்.
அவன் கல்லீரலுக்காகக் கவலைப்பட்டேன்.
அவன் பிள்ளைகளை நினைத்து
இரண்டு சொட்டுக் கண்ணீர்கூட விட்டேன்.
அகலத் திறந்த கதவுக்குப் பின்னால்தான்
ஒளிந்துகொள்ள எவ்வளவு இடம்!
ஆம்புரோஸ் ஒருநாள் காப்பிக் குவளையை நீட்டி
‘செவ்வாயன்றும் இங்கேதான் இருப்போம்,
உன் தம்பிக்கு வரத் தோன்றினால்’ என்றார்.
சர்க்கரை போடவில்லை என்று
அதற்குப் பதில் சொன்னேன்.

இதையெதையும் அவளிடம் சொல்லவில்லை.
உப்பு வாளியைக் கீழே வைத்தேன்.
அவள் ஃபைலைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள்,
அந்தக் கோணல் எழுத்தைக் கொஞ்சம் அதிக நேரம்.
‘அப்படியென்றால் நான் உள்ளே வரலாம்’ என்றாள்,
பஸ் எப்போது என்று கேட்கிற குரலில்.

பொய்யா, தெரியாது.
பாடத்துக்காகச் சொன்னாளோ என்னவோ.
இன்றுவரை தெரியாது.
நிஜமும் முதல் தடவை வாயைத் திறக்கும்போது
பொய் மாதிரிதான் ஒலிக்கும்.
ஈரத்தில் உப்பிப்போன கதவு;
தோள் கொடுத்துத் தள்ளினேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை.
முறை வந்தபோது தலையை மட்டும் அசைத்து
பக்கத்தில் இருந்தவருக்கு விட்டாள்.
முடிந்ததும், யாரும் கேட்காமலே,
பதின்மூன்று குவளைகளையும் கழுவிக் கவிழ்த்தாள்.

நாற்காலிகளை மடக்கும்போது
ஃபைல் கிடந்தது.
முதல் தாளில் மேலே தேதி,
‘கவனித்தவை’ என்று ஒரு தலைப்பு,
அடிக்கோடு இரண்டு.
கீழே எதுவும் இல்லை.

சனிக்கிழமை கேட்டு வருவாள் என்று
அலமாரியில் எடுத்து வைத்தேன்.
வரவில்லை. கேக் மீந்தது.
செவ்வாய் வந்தது.
அட்டையைத் திருப்பி மாட்டினேன்,
படியில் உப்புத் தூவினேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.